ஈமுவுக்குப் பார்த்த கோழிக் கணக்கு

இது நடந்தது 2013-ஆம் வருடம், தை மாதம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், வல்லத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டையும் கேப்பையும் போடுவோம்; நிலக்கடலையும் கேழ்வரகும்தான், எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். என் மனைவி நாட்டுக்கோழி வளர்ப்பதில் கெட்டிக்காரி. வாசலில் எப்போதும் முப்பது நாற்பது கோழிகள் மேயும். அந்த வருடம் அவற்றோடு, கொல்லையில் கம்பி வலைக்குள், ஆள் உயரம் வளரும் ஈமுப் பறவைகள் இரண்டும் எங்களிடம் இருந்தன.

ஈமு எங்களுக்கு எப்படி வந்தது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கம்பெனி குஞ்சு கொடுத்தது, தீவனம் கொடுத்தது. முட்டையிட ஆரம்பித்ததும் வாரம் ஒருமுறை வேன் வந்து முட்டையை எடுத்துப் போனது. பிறகு ஒருநாள் வேனும் வரவில்லை, கம்பெனியும் இல்லை. நம் பக்கத்தில் பலருக்கும் நடந்த கதைதான். அதை எழுதுவதற்காக நான் இதை எழுதவில்லை. எங்களிடமிருந்த ஆறில் நான்கு, சரியான தீவனம் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. மிச்சமிருந்த இரண்டையும் கறிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கேப்பை, மல்லாட்டைப் புண்ணாக்கு, முருங்கைக் கீரை என்று எங்கள் வீட்டில் இருந்ததைப் போட்டுக் காப்பாற்றி வந்தோம்.

ஊரில் எங்களைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. என் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான், என் வயதுதான். டீக்கடையில் என்னைப் பார்த்தாலே, "இன்னாடா, உன் ஒட்டகம் எப்டிக்கீது? பொங்கலுக்கு ஏர்ல பூட்டலாமா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். பதில் பேசுகிற வழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவது ஆளாக அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பவன்.

இரண்டு ஈமுக்களில் ஒன்று பெரியது. அதன் தொண்டைக்குள்ளிருந்து யாரோ பறை தட்டுவது போல டொம் டொம் என்று சத்தம் வரும். இன்னொன்று சற்றுச் சின்னது. பன்றி உறுமுவது போல மெல்ல உறுமுவதோடு சரி. சாதுவான பறவை. நான் தீவனக் கூடையை எடுத்தால், வலைக்கு அந்தப் பக்கம் என் கூடவே நடந்து வரும். சத்தம் போடுவதால் பெரியது சேவல், சாதுவாக இருப்பதால் சின்னது பொட்டை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். கோழி வளர்த்த வீட்டில் வேறு எப்படித் தோன்றும்?

மார்கழியில் முட்டை வந்தது. திண்டிவனம் சாலையோரத்தில் குவித்து விற்கும் தர்பூசணியின் தோலைப் போலக் கரும்பச்சை நிறம். ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். எடுத்துப் போக வேன் இல்லாததால் முட்டைகள் அங்கேயே கிடந்தன. ஒன்பது சேர்ந்ததும் சின்னது அவற்றின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் அதற்கு முன்னால் ஈமு அடை படுத்துப் பார்த்ததே இல்லை.

என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோழியை அடை வைக்கும்போது இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வரமிளகாயும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஈமுவுக்கும் அதை விடவில்லை. உடைந்த அரிவாள் ஒன்றைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் செருகிவிட்டு வந்தாள். அன்றைக்கே ஒரு கோழியையும் பதிமூன்று முட்டையில் அடை வைத்தாள். சமையலறைச் சுவரில் கரித்துண்டால் இரண்டு வரிசை கோடு இழுக்க ஆரம்பித்தாள். மேலே கோழிக்கு, கீழே ஈமுவுக்கு.

இருபத்தொன்றாம் நாள் கோழி பதினொரு குஞ்சு பொரித்து வெளியே வந்தது. ஈமு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"முட்ட பெருசு இல்ல? ரெண்டு நாளு கூட ஆவும்" என்றாள் மனைவி. இரண்டு நாள் நான்கானது. பிறகு அமாவாசை கழியட்டும் என்றாள். அமாவாசையும் கழிந்தது. கோழிக்குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

என் கவலை முட்டையைப் பற்றி இல்லை. அந்தப் பறவை உட்கார்ந்த நாளிலிருந்து எதுவும் தின்னவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடைக்கோழியாவது ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கிவந்து நாலு பொறுக்கிவிட்டு ஓடும். இது எழுந்து நிற்கும், அலகால் முட்டையை ஒவ்வொன்றாகப் புரட்டும், மறுபடி உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கையில் கேப்பையை வைத்து அதன் அலகுக்குக் கிட்டே நீட்டுவேன். கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். நாளாக ஆக முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஏற்கெனவே நான்கைக் குழியில் போட்டவன் நான். இதையும் போட வேண்டிவருமோ என்று பயந்தேன்.

"திண்டிவனத்துல மாட்டாஸ்பத்திரி டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னாள். ஒருநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். ஆடு, கன்றுக்குட்டி என்று பிடித்துக்கொண்டு வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்த ஒருவர், "உனுக்கு இன்னாப்பா, மாடா ஆடா?" என்று கேட்டார். "ஈமு" என்றேன். "ஈமுவா! அது இன்னுமா உசுரோட கீது?" என்றார். மொத்த வரிசையும் சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் என் முகம் சூடாகிவிட்டது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தவன், அப்படியே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். மனைவியிடம், டாக்டர் லீவு என்று பொய் சொன்னேன்.

சுவரில் முப்பத்து மூன்றாவது கோடு விழுந்த அன்று மனைவி ரேஷன் வாங்க வல்லம் போயிருந்தாள். நான் வலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். என் பெரியப்பா மகன் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தான். அன்றைக்கு அவன் கேலி செய்யவில்லை. "டேய், அது கூமுட்ட மேல உக்காந்துக்கினு சாவுதுடா. எடுத்துப் போட்டுட்டு நாலு வாய் தீனி தின்ன வுடு. பாவம்" என்றான்.

அவன் உண்மையாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னான். நானும் பரிதாபப்பட்டுத்தான் செய்தேன்.

பழைய முழுக்கைச் சட்டையின் கை ஒன்றை வெட்டி ஈமுவின் தலையில் மாட்டினால் கண் தெரியாமல் பறவை அடங்கிவிடும். கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அப்படியே மாட்டினேன். முட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கூடையில் வைத்தேன். அது எதிர்க்கவே இல்லை. உறுமியது, அவ்வளவுதான். அடை தெளியாத கோழியை என்ன செய்வோம்? தண்ணீரில் முக்கி எடுப்போம். ஈமுவை முக்க முடியாது. அதனால் இரண்டு குடம் தண்ணீரை அதன் மார்பில் ஊற்றினேன். பிறகு தலையிலிருந்த துணியை உருவினேன். அது எழுந்து ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. தீவனத் தொட்டியை நோக்கிப் போகும் என்று காத்திருந்தேன். அது திரும்பி, அதே இடத்தில், ஒன்றுமில்லாத பள்ளத்தின்மேல் மெல்ல உட்கார்ந்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குப் போனேன்.

எங்கள் நிலத்தின் ஓரத்தில் எருக்குழி. பக்கத்து நிலத்தில் நெல் அறுவடை முடிந்து வாத்து மேய விட்டிருந்தார்கள். தை மாதம் பிறந்தால் வாத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்து அறுத்த வயல்களில் பட்டி போடுவார்கள். அன்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், நீளக் கழியோடு வாத்துக்களை மடக்கிக்கொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியாது.

கூமுட்டையை முழுதாகப் போட்டால் நாய் இழுத்துவந்து ஊரை நாற அடிக்கும். அதனால் உடைத்துத்தான் புதைப்போம். முதல் முட்டையைக் குழிக்குள் வைத்து, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தேன்.

நாற்றம் வரவில்லை. ரத்தம் வந்தது. உள்ளே ஒரு குஞ்சு. முழுதாக வளரவில்லை. ஆனால் கண் தெரிந்தது, கால் தெரிந்தது, முதுகில் கோடு கோடாக வரி தெரிந்தது. அதன் கால் ஒன்று நீண்டு, மடங்கி, மறுபடி நீண்டது. பிறகு நின்றுவிட்டது.

மண்வெட்டியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் ஏதோ கத்தியிருக்க வேண்டும். அந்த வாத்துக்காரப் பெண் வரப்பில் ஓடிவந்தாள். குழியைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணா, இன்னா காரியம் பண்ணிக்கினு கீறீங்க! உசுரு இருக்குற முட்டயாச்சே!"

"இருபத்தொரு நாள் தாண்டிப்போச்சும்மா. இன்னிக்கி முப்பத்திமூணு. கூமுட்டன்னு நெனச்சேன்" என்றேன்.

"கோழிக்கு இருபத்தொண்ணு. எங்க வாத்துக்கு இருபத்தெட்டு. இம்மாம் பெரிய முட்டைக்கு உங்களுக்கு யாரு நாளு குறிச்சிக் குடுத்தது?"

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்து முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இமையின்மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். கையைவிடக் கண் இமைக்குத்தான் சூடு சரியாகத் தெரியும் என்றாள். உயிருள்ள முட்டைக்கு உள்ளேயிருந்து சூடு வருமாம். ஒன்றை மட்டும் முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "இது ஒண்ணுதான் கூமுட்ட. மத்த ஏழும் நல்லாக்கீது. ஜல்தியா எடுத்துக்கினு போலாம் வாங்க. ஆறிடப்போவுது." தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கூடைமேல் போர்த்தி, வாத்துக்களைத் தன் புருஷனிடம் கூவி ஒப்படைத்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ரேஷன் பையோடு கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். காலிப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்த பறவையையும், அதன் ஈர மார்பையும் பார்த்துவிட்டாள். என்னையும் கூடையையும் கூட வந்த பெண்ணையும் பார்த்தாள். நடந்ததை வாத்துக்காரப் பெண்ணே சொன்னாள், என்னால் முடியவில்லை.

"டாக்டர் லீவுன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"நான் கேக்கவே இல்ல. வரிசையில சிரிச்சாங்கன்னு திரும்பி வந்துட்டேன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. "ஏங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா இன்னாங்க கொறஞ்சிடுவீங்க?" என்றாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சண்டய அப்புறம் போட்டுக்கங்க அக்கா. மொதல்ல அது மாரத் தொடைக்க ஒரு துணி குடுங்க" என்றாள் வாத்துக்காரப் பெண்.

நான்தான் உள்ளே போனேன். பயமாக இருந்தது. அது என்னை உதைத்திருந்தால் நியாயம் என்றுதான் தோன்றியது. ஆனால் அது அசையாமல் இருந்தது. மார்பைத் துடைத்துவிட்டேன். ஈர மண்ணை வாரி எறிந்துவிட்டுக் காய்ந்த வைக்கோலைத் தள்ளினேன். முட்டையை அடியில் செருக வேண்டாம், கழுத்து எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அதுவே எடுத்துக்கொள்கிறதா பார்ப்போம் என்று அந்தப் பெண் வெளியிலிருந்து சொன்னாள். எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "எடுத்துக்கலன்னா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா" என்றாள்.

ஏழையும் வைத்துவிட்டு வலைக்கு வெளியே வந்து மூவரும் நின்றோம். பறவை முட்டையைப் பார்க்கவே இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. பெரியது மட்டும் வலையோரம் டொம் டொம் என்று தட்டிக்கொண்டு நடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மனைவி வலைக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். வாத்துக்காரப் பெண் கிளம்பவேண்டியவள், கிளம்பவில்லை.

பிறகு அது கழுத்தை மெல்ல நீட்டியது. முதல் முட்டையின் அந்தப் பக்கம் அலகை வைத்து, தன் பக்கமாக உருட்டியது. கொஞ்சம் எழுந்து, அடியில் தள்ளிக்கொண்டு, உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஏழாவது முட்டை சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் நின்றது. அதற்கு எட்டவில்லை. அது எழுந்து ஓரடி வந்து, அதையும் உருட்டிக்கொண்டு போனது. என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அது எழுந்துக்குற வரைக்கும் நீங்க எழுப்பாதீங்கண்ணா. அதுக்குத் தெரியும் எத்தினி நாளுன்னு" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். மனைவி கொடுத்த மல்லாட்டையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனேன். அதே வரிசை. "ஈமு" என்றேன். அன்றும் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நகரவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஐம்பது நாளுக்கு மேல் ஆகும் என்றார். அது பொட்டை இல்லை, ஆண் பறவை என்றும் சொன்னார். ஈமுவில் முட்டையிடுவதோடு பொட்டையின் வேலை முடிந்ததாம். அடை படுப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தானாம். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில் அது தாக்குப்பிடிக்குமாம். "பயப்படாதீங்க, சாகாது. பொரிச்ச பிறகு நல்லாச் சாப்பிடும்" என்றார். இந்த நாலு வார்த்தைக்கு அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

ஐம்பத்து நான்காவது கோடு விழுந்த அன்று காலையில் அதன் அடியிலிருந்து விசில் அடிப்பது போல மெல்லிய சத்தம் கேட்டது. மாலைக்குள் மூன்று குஞ்சு, மறுநாள் இரண்டு. அணில் போல முதுகில் கோடு. எங்கள் கோழிக்குஞ்சுகள் அவற்றைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. மற்ற இரண்டு முட்டை பொரிக்கவில்லை. குஞ்சுகள் வெளியே வந்த பிறகு அந்தப் பறவை எழுந்து, தள்ளாடி நடந்து, தொட்டியில் அலகை வைத்தது. அது தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெரியப்பா மகன் தன் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினான். "நாந்தாண்டா எடுத்துப்போடுன்னு சொன்னேன்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. சொன்னவன் அவன்தான், ஆனால் கை என்னுடையது.

அந்த வாத்துக்காரக் குடும்பம் குஞ்சு பொரிப்பதற்கு முன்பே மரக்காணம் பக்கம் போய்விட்டது. அவளிடம் சொல்ல வழியில்லை. பேர்கூடக் கேட்டுவைக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு தை மாதமும் எங்கே வாத்துக் கூட்டத்தைப் பார்த்தாலும் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் போய் விசாரிக்கிறேன். இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் போய் நின்று பேச எனக்கு இப்போது பழகிவிட்டது.

ஆனால் ஊர் பேசியதெல்லாம் பிழைத்த ஐந்தைப் பற்றித்தான். எருக்குழியில் அந்த ஒன்று ஒருமுறை கால் நீட்டி மடக்கியதைப் பார்த்தவன் நான் மட்டும்தான். என் கூச்சத்தால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்காமல் விட்ட ஒரு வார்த்தைக்கு, வாயில்லாத இன்னொரு உயிர் விலை கொடுக்கும் என்பதை அன்று என் கையாலேயே தெரிந்துகொண்டேன்.